பேச்சு இருக்கும் பக்கம்

என் வீட்டுக்காரரின் மூளைக்குக் கம்ப்யூட்டர் வண்ணம் அடித்து வைத்திருந்தது.

ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பெயர். கை அசைவது இங்கே, கண் பார்ப்பது இங்கே, பேச்சு இங்கே என்று டாக்டர் கௌதமன் பேனா முனையால் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். காட்டியதெல்லாம் வீட்டுக்காரருக்குத்தான். பக்கத்து நாற்காலியில் நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பது டாக்டர் கண்ணில் படவே இல்லை.

கழுத்தைத் திருப்பி இடது காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலது காது எனக்குச் சரியாகக் கேட்காது.

கட்டி இருப்பது வலது பக்கம். பேச்சு என்று பச்சை அடித்திருப்பது இடது பக்கம். அதனால் பேச்சுக்கு ஒன்றும் ஆகாது, நாளைக் காலையில் எடுத்துவிடலாம் என்றார்.

இந்தப் பெயரெல்லாம் இவர் மூளையைப் பார்த்து எழுதியதா என்று கேட்டேன். அப்போதுதான் டாக்டர் என்னைப் பார்த்தார்.

மாதிரி மூளை ஒன்று இருக்கிறதாம். எத்தனையோ பேருக்கு ஸ்கேன் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தது. அதை இவர் மூளைமேல் இழுத்துப் பொருத்தி, அதில் உள்ள பெயர்களைக் கம்ப்யூட்டர் அப்படியே இதில் போட்டுவிடுமாம்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. எந்த ஊர்க்காரன் தலைக்கோ எழுதிய பெயரைத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிற மனுஷன் தலையில் ஒட்டிவிட்டு, நாளைக்கு அறுக்கப் போகிறார்கள். பக்கத்துக்காரர் வெள்ளாமைக் காட்டில் தண்ணீர் வந்த இடத்தை வைத்து எங்கள் காட்டில் போர் போட யாராவது வருவார்களா? நீரோட்டம் தேடிப் பாயின்ட் பார்க்கிறவர்கூட நம் மண்ணில் இறங்கி நடந்துவிட்டுத்தான் சொல்கிறார்.

"பெரும்பாலும் சரியாத்தாம்மா இருக்கும். இடது கைப் பழக்கம் உள்ள சிலருக்கு மட்டும் பேச்சு வலது பக்கம் இருக்கலாம். அப்படின்னா இன்னொரு டெஸ்ட் எடுக்காம நான் கை வைக்க முடியாது. பேச்சே போயிடும்," என்றவர், வீட்டுக்காரரிடம் திரும்பினார். "உங்களுக்கு வலது கைதானே?"

"எனக்கு எல்லாமே சோத்தாங்கைதானுங்க."

டாக்டர் ஃபைலை மூடினார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

பேச்சே போய்விடும். ரிக் வண்டிக் கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல் அது. வீட்டுக்குள்ளும் அதே அளவில்தான் வரும். அது இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன்.

நன்றாகத்தான் இருந்தது.

என்னை இப்படி நினைக்கிறவளாக ஆக்கிவிட்டாரே என்று அந்த மனுஷன்மேல்தான் ஆத்திரம் பொங்கியது. ஒருவர் ஊமையாகிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா என்னைப் பெற்றார்கள்?

"இல்லீங்க சார். இவருக்கு இடது கைங்க," என்றேன்.

சாப்பிடுவது எந்தக் கையால் என்று டாக்டர் கேட்டார். வலது என்றேன். எழுதுவது? வலது. விபூதி பூசுவது, பணம் கொடுப்பது, ஸ்பேனர் பிடிப்பது, எல்லாமே வலதுதான்.

"அப்புறம் எதை வெச்சும்மா சொல்றீங்க?"

எதை வைத்து என்று சொல்வது. என் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

சோறு பிசையவும் பேனா பிடிக்கவும் சின்ன வயதில் யாரோ உட்காரவைத்து, அதட்டி உருட்டிப் பழக்கியிருப்பார்கள். யாரும் பழக்காமல் தானாக வருகிற வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிற கை வேறு.

"உனக்கென்னடி தெரியும்? கம்முனு இரு." வீட்டுக்காரர் டாக்டருக்காகக் குரலைத் தணித்துச் சொன்னார்.

என்ன சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டேன். முகத்துக்கு நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"பொய் சொல்றாருங்க சார். இவரு பீச்சாங்கைக்காரருங்க. வெளிய சொல்ல வெக்கம்."

கதவருகே நின்றிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். அது போதுமாக இருந்தது.

கை எழுந்தது.

யோசிக்காமல் எழுந்த கை. என் முகத்துக்கு ஒரு சாண் தூரம் வந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்கிறது. அப்படியே நின்றது.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். இடது கை.

பிறகு என்னைப் பார்த்தார். என் தலை எப்போதோ இடது தோளில் சாய்ந்திருந்தது. என் உள்ளங்கை வலது காதைப் பொத்திக்கொண்டிருந்தது. அதையெல்லாம் நான் செய்ததாகவே எனக்கு நினைவில்லை.

வீட்டுக்காரர் கையை இறக்கவும் இல்லை. அது வேறு யாருடையதோ என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு ஆபரேஷன் இல்லை, முதலில் அந்த டெஸ்ட்டை எடுக்கச் சொல் என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். அவள் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெளியே போனாள்.

டாக்டர் திரையை அணைத்துவிட்டு, என் இடது பக்கமாக வந்து நின்றார். மெதுவாகக் கேட்டார்.

"உங்க காதுக்கு என்னம்மா ஆச்சு?"

"அதையும் அவருகிட்டயே கேளுங்க சார்," என்றேன். "பேச்சுதான் இன்னும் இருக்குதுங்களே."