நாவல் பழத் திருடி

முவாஜுமாவுக்கு வாய் நீளம் என்பது பங்கானி படகுத்துறைக்கே தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவள் செய்தது அநியாயம். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

துறையில் விடும்புவா சுட்டு விற்கிறவள் சிகுதானி. விடும்புவா என்றால் தேங்காய்ப் பால் விட்ட குழிப்பணியாரம்தான். விறகுப் புகையில் அவளுக்கு இழுப்பு வந்து, டாக்டர் வாயில் அடிக்கிற பம்பு ஒன்று கொடுத்திருந்தார். இழுப்பு அடங்கியது. ஆனால் இரண்டே மாதத்தில் நாக்கு முழுக்க மாவு அப்பினமாதிரி வெள்ளை. காரம் பட்டால் உயிர் போனது.

மருந்தகத்தில் நர்ஸ் ஹைக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"பம்பு அடிச்சதும் வாயைக் கொப்புளிச்சுத் துப்புறீங்களா?"

"துப்புறதா? நல்லா இருக்கே! மருந்து வீணாகக் கூடாதுன்னு அரை மணி நேரம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

"அம்மா தாயே! அது நெஞ்சுக்குப் போற மருந்து. வாயில தங்கினா பூஞ்சை வந்துடும். இனிமே ஒவ்வொரு தடவையும் கொப்புளிச்சுத் துப்பணும்."

சிகுதானியின் குரல் இறங்கியது. "அப்போ இது... அந்த நோய் இல்லையே?"

"எச்.ஐ.வி.யா? போன மாசம்தானே டெஸ்ட் எடுத்தோம், இல்லைன்னு வந்துச்சே. இந்தப் பூஞ்சை கைக்குழந்தைக்கும் வரும், சர்க்கரை உள்ளவங்களுக்கும் வரும். மருந்து போட்டா போயிடும்."

பஞ்சில் ஊதா மருந்தைத் தொட்டு நாக்கு, உள்கன்னம், அண்ணம், உதட்டோரம் எல்லாம் தடவிவிட்டாள். சிகுதானி கண்ணாடியைப் பார்த்து அலறினாள்.

"ஐயையோ! இந்தக் கறை எப்போ போகும்?"

"தினமும் காலையில தடவணும். கறை போக ரெண்டு வாரம் ஆகும்."

"அதுக்குள்ள என் கடை போயிடுமே!"

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த நோய்க்காரர்கள் வாயில்தான் இந்த ஊதா மருந்தைப் பார்த்துப் பழக்கம்; ஊதா வாயைக் கண்டால் துறையில் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். 'அந்த நோய்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்புறம் அவள் சுட்டதை யார் வாங்குவார்கள்? தொட்டாலோ தின்றாலோ ஒட்டாது என்று ரேடியோவில் எத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், யார் காதில் ஏறுகிறது? மூன்று பிள்ளைகளின் சாப்பாடு அந்த ஒரு அடுப்பில்தான்.

மறுநாள் காலை, முந்தானைமாதிரி போர்த்தியிருந்த துணியால் வாயை மூடிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"ஆறு குடு," என்றார் படகுக்காரர் பகாரி.

"ம்ம்."

"சூடா இருக்கா?"

"ம்ம்."

"என்ன சிகுதானி, ஊமையாயிட்டியா? புருஷன் கொடுத்து வெச்சவன்!"

அந்த நேரம் பார்த்தா புகை மூக்கில் ஏற வேண்டும்? ஒரு தும்மல். துணி நழுவியது. பத்துப் பேர் பார்க்க ஊதா வாய் 'ஆ' என்று திறந்து நின்றது.

பகாரி நீட்டிய கை பாதியிலேயே திரும்பிவிட்டது. எடுத்ததைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள் ஒரு பெண். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்: "வாய் ஸம்பராவு!"

அந்த ஊரில் ஊதாவுக்குப் பெயர் ஸம்பராவு. நாவல் பழத்துக்கும் அதே பெயர்தான்.

"ஸம்பராவேதான்!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் முவாஜுமா. "என் வீட்டு மரத்து ஸம்பராவு! விடியக்காலையில மரம் சலசலன்னுச்சு, வௌவால்னு நினைச்சேன். நீதானாடி? அம்பது வயசுல, இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எப்படிடி ஏறினே? திருடி!"

"நான் ஏறலை!"

"வாயைப் பாருங்கய்யா! வேற சாட்சி வேணுமா?"

துறையே சிரித்தது. முவாஜுமா சட்டமாக முன்னால் உட்கார்ந்து, "பழத்துக்கு அபராதம்," என்று ஐந்து விடும்புவாவை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாகத் தின்றாள்.

"எனக்கு அந்த ஆறு. பழம் மிச்சம் இருந்தா அதுலயும் ரெண்டு போடு," என்றார் பகாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஒன்பது மணிக்கெல்லாம் தட்டு காலி. ஆனால் சிகுதானிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திருடிப் பட்டம்! கரண்டியும் கையுமாக முவாஜுமா வீட்டுக்குப் போனாள்.

"யாரைடி திருடின்னே? வெளியில வாடி!"

முவாஜுமா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"கத்தாதே. காலையில மருந்து தடவினியா?"

சிகுதானியின் கை வாய்க்குப் போனது. "உனக்கு... எப்படித் தெரியும்?"

"பழம் தின்னவ உதட்டுல பஞ்சு தேய்ச்ச கோடா இருக்கும்?"

"தெரிஞ்சேவா நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கினே? பாவி!"

முவாஜுமா வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசைப் பல் முழுவதையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"கட்டின பல்லு. இதைக் கழட்டாமலே தூங்கிட்டிருந்தேன். அதனால போன வருஷம் எனக்கும் இதே பூஞ்சை, இதே ஊதா. துறையில மீன் பொரிச்சு வித்துட்டிருந்தேனே, நினைப்பிருக்கா? கேட்டவங்களுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு ஜென்மம் நம்பலை. ஒரே மாசத்துல கடை படுத்துடுச்சு. ஏன், நீகூடத்தான் என் பக்கம் வர்றதை நிறுத்தினே."

சிகுதானி கரண்டியைக் கீழே வைத்தாள். தலை தானாகக் குனிந்தது.

முவாஜுமா பல்லைத் திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கு என்னைத் திருடின்னு சொல்றதுக்கு ஒருத்திகூட இல்லாம போயிட்டாளேடி!"