ஒரே பேர்

“அம்மா, ஒரே பேருல ரெண்டு பேர் வேண்டிக்கிட்டா சாமி யாருக்குக் குடுக்கும்?” என்று சுடர் ஒருநாள் கேட்டாள். மங்கை அவள் தலையை வருடிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவள் வேலை பார்க்கும் இரத்த வங்கியின் சர்வரில் எல்லாக் கணினி நிரல்களும் ஒரே கூடத்தில் உறங்குபவைபோல் கிடந்தன. ஒன்றின் பெயரிலேயே இன்னொன்று வந்தால் முந்தையது ஊமையாகிவிடும். சேர்ந்த புதிதில் அவள் வைத்த பெயர் சக ஊழியர் லூர்துசாமியின் நிரலோடு மோதியது. “விடும்மா, நான் வேற பேரு வெச்சுக்கறேன். ரெண்டும் பொழைக்கட்டும்” என்று சிரித்தார். இப்போது அவர் உயிரோடு இல்லை. இன்று தன் புது நிரலுக்கு ஆசையாக ‘சுடர்’ என்று பெயரைத் தட்டிச் சேமிக்கப் போனவள், அதே பெயரில் அவருடைய நிரல் இன்னும் இரத்தம் கேட்டு வரும் அழைப்புகளை ஏந்திக்கொண்டிருப்பதைக் கண்டாள். அறையில் யாருமில்லை. தன் நிரலிலிருந்து மகளின் பெயரை எழுத்தெழுத்தாக அழித்தாள். ‘சுடர்’ என்று தேடி வந்த அடுத்த அழைப்பு, வழி தவறாமல் அவரிடம் போனது.