மெதுவா எழுந்திரு

கட்டிலிலிருந்து இறங்கி நின்றவள் சட்டென்று டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டியது. மேஜையும் எடை பார்க்கும் மிஷினும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன.

“நல்லா பிடிச்சுக்குங்கம்மா, தோளுக்குத் தனி ஃபீஸ் கிடையாது” என்றபடி டாக்டர் அவள் கையிலிருந்த பிரஷர் பட்டையைக் கழற்றினார். “படுத்திருக்கறப்போ பரவாயில்ல. எழுந்து நின்னா பிரஷர் இறங்கிடுது. ரொம்ப தூரம் ஓடிப் பழகினவங்களுக்கு இதயம் நிதானமா அடிக்கும், சில பேருக்கு இப்படி வர்றதுண்டு. வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

முந்திக்கொண்டு பதில் சொன்னார், கூட வந்திருந்த கோச்.

“தலைவலி மாத்திரைகூடத் தொட மாட்டா சார். போட்டியில சோதனை பண்ணுவாங்களே! மைதானத்துல இவ பேரே ரயிலு. கிளம்பத்தான் லேட்டாகும், கிளம்பிட்டா நிக்காது. இப்ப என்னடான்னா பிளாட்பாரத்துலயே மயங்குது.”

டாக்டர் சிரித்துவிட்டார். “தண்ணி நிறைய குடிங்க. உப்பு கொஞ்சம் கூடவே சேர்த்துக்குங்க. மெதுவா எழுந்திருங்க. குறையலைன்னா வாங்க, மறுபடி பார்க்கலாம்.”

வீட்டில் அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். மடியில் யாருடைய சட்டையோ பாதி பிரிந்து கிடந்தது.

“என்னடி சொன்னார்?”

“ஒண்ணுமில்லையாம்மா. உப்பு சாப்பிடச் சொன்னார்.”

“உங்கப்பாவும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னேதான் சொல்லிட்டிருந்தார். பிரஷர் மாத்திரையைக் கையில குடுத்தா, ‘குதிரைக்கு எதுக்குடி மாத்திரை’ன்னு அட்டையோட ஜன்னல் வழியா வீசினார்.”

அப்பாவும் நெடுந்தூர ஓட்டக்காரர்தான். கடைசிப் போட்டியில் கோட்டைத் தாண்டி விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

“அப்பாவுக்கு பிரஷர் ஜாஸ்திம்மா. எனக்குக் கம்மி. ரெண்டும் வேற வேற.”

“எனக்கென்ன தெரியும்? ஓடற உடம்பைப் பார்த்தாலே பயமா இருக்கு” என்று அம்மா மறுபடி மிஷினை ஓட்டத் தொடங்கினாள்.

காலையில் சமையலறையில் இரண்டு கரண்டிகள் உரசும் சத்தத்தில்தான் அவளுக்கு விழிப்பு வரும். அம்மா தன்னுடைய பிரஷர் மாத்திரையை நசுக்கும் சத்தம் அது. முழுசாகப் போட்டால் தொண்டையிலேயே நிற்கிறதாம். சற்று நேரத்தில், மகளுக்கு பீட்ரூட் ஜூஸ் வரும். டம்ளர் காலியாகிற வரை அம்மா நகர மாட்டாள்.

“கசக்குதும்மா.”

“தோலோட அரைச்சேன். அடியில நிக்கறதையும் குடி. சத்தெல்லாம் அங்கதான் இருக்கு.”

உப்பும் தண்ணீரும் பலிக்கவில்லை. தேர்வு ஓட்டத்தன்று, கிளம்பும் கோட்டருகே குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். நிமிர்ந்ததுதான் தெரியும். கண் திறந்தபோது முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கோச் அவள் சட்டையில் குத்தியிருந்த போட்டி எண் துணியை ஊக்கு ஊக்காகக் கழற்றினார்.

“வேணாம் சார். ஒரே ஒரு சான்ஸ். நான் ஓடிடுவேன்.”

“ஓடிடுவடா ரயிலு, எனக்குத் தெரியும். உங்கப்பாவும் ஓடி முடிச்சுட்டுத்தான் விழுந்தார்.” அவர் ஊக்குகளைத் தன் பையில் போட்டுக்கொண்டார். “வீட்டுக்குப் போ.”

வழியெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தாள். அம்மா மடியில் விழுந்து கொட்டித் தீர்க்கலாம் என்று கதவைத் திறந்தாள்.

அம்மா சமையலறைத் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை அசையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா அவளைத் தனியாக அழைத்தார்.

“பிரஷர் தலைக்கேறி, மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. மாத்திரையை எப்போ நிறுத்தினாங்க?”

“நிறுத்தவே இல்ல டாக்டர். தினமும் நசுக்கித்தான் சாப்பிடுவாங்க. அட்டை காலியாகக் காலியாக, மாசாமாசம் நான்தானே வாங்கிட்டு வரேன்!”

“சாப்பிடறதை நீங்க பார்த்தீங்களா?”

“நசுக்கற சத்தம் கேட்கும்.”

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். “ரொம்ப நாளா மாத்திரை இல்லாம இருந்திருக்காங்கம்மா. மனசைத் தேத்திக்குங்க.”

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாவின் இமைகள் அசைந்தன. ஸ்டூலில் இருந்தவள் விருட்டென்று எழுந்தாள். பழக்கத்தில் கை தானாகச் சுவரைத் தேடிப் போனது.

தலை சுற்றவில்லை. அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

“அம்மா! நான்தாம்மா.”

“மெதுவா… எழுந்திரு…” குழறலாக வந்தது குரல். “ஜூஸ்… குடிச்சியா?”

“ஜூஸ் கிடக்கட்டும்மா. யார் போட்டுத் தருவாங்க எனக்கு?” அவள் அழுதுவிட்டாள். “நீ ஏம்மா மாத்திரை சாப்பிடல? தினமும் நசுக்கினியே, என்ன பண்ணின?”

அம்மாவின் இடது கை மெல்ல நகர்ந்து வந்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

“ஒரு நாளைக்கு ஒண்ணுதானேடி குடுக்கறாங்க… ஓடறவ நீ, உனக்கே குடுத்துட்டேன்.”