முப்பத்தொன்று என்றால் சிவப்பு

மச்சான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், சொல்லும் பெயின்டர் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. எங்கேயோ இடித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் வயிறு குலுங்கச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கதை இதுதான்.

பஸ் டிக்கெட் விற்கும் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் அறைக்கு ஷிப்ட் இன்சார்ஜாக மச்சான் மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கறுப்புத் திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். வரியில் இருப்பது மெஷினின் பெயரும் நேரமும் மட்டும்தான். நல்லதா கெட்டதா என்பதை நிறம்தான் சொல்லும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் அந்த மெஷின் மண்டையைப் போட்டுவிட்டது.

ஒரு நாள் சிவப்பு வரி ஒன்று மச்சானின் மூக்குக்கு முன்னாலேயே ஓடிப்போனது. அவர் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஒரு ஆளால்கூட டிக்கெட் வாங்க முடியவில்லை.

மேனேஜர் வந்து குதித்தார். "இன்னொரு சிவப்பு தப்பிச்சுதுன்னா இந்த ரூம்ல ஒருத்தருக்கு வேலை இருக்காது. யாருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை!"

"கொஞ்சம் கண் அசந்துட்டேன் சார்" என்றார் மச்சான். வீட்டில் அக்காவுக்கு அப்போது ஏழாவது மாதம்.

மறுநாளிலிருந்து பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கிறுக்குப் பிடித்தது. இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஏதோ ஒரு கமாண்ட் எழுத உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு எண் ஒட்டிக்கொண்டு வருமாம். முப்பத்தொன்று என்றால் சிவப்பு. முப்பத்திரண்டு என்றால் பச்சை. அந்த எண்ணை வழியிலேயே மடக்கி, வேறு எண்ணாக மாற்றி அனுப்பிவிட்டால் நிறமும் மாறிவிடும். இன்னொரு கமாண்டைத் தட்டினால் இருநூற்று ஐம்பத்தாறு நிறங்களும் கட்டம் கட்டமாகத் திரையில் விரியும்.

அதை விரித்து வைத்துக்கொண்டு மச்சானின் உயிரை எடுப்பார்.

"இந்த மஞ்சள் பளிச்சுன்னு தெரியுதா? இந்த நீலம்?"

"ரெண்டும் நல்லாத்தான்யா தெரியுது. சுவத்துக்கு எப்போ அடிக்கப் போறே, பெயின்டர்?"

பெயர் ஒட்டிக்கொண்டது. டீ கொண்டுவருகிறவர்கூட "பெயின்டர் சார், சர்க்கரை போடவா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை எல்லாத் திரைகளிலும் பச்சை இருந்த இடத்தில் நீலம். சிவப்பு வர வேண்டிய இடத்தில் மஞ்சள்.

முதலில் கத்தியது மச்சான்தான். "என்னய்யா இது, ஆபீஸா சர்க்கஸ் கூடாரமா?"

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். "யாரைக் கேட்டு மாத்தினே?"

பெயின்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"எனக்காகத்தான் சார் மாத்தினேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பிறவியிலேர்ந்தே அப்படி."

மச்சானுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது.

"நிறம் தெரியாத பெயின்டர்!"

மேனேஜர் சிரிக்கவில்லை. "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இந்த ரூம்ல உட்காரக் கூடாதுன்னு ரூல் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

மறுநாளே பெயின்டரைக் கீழ்த்தளத்து ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மாதம் வரவேண்டியிருந்த பதவி உயர்வும் அவரோடு சேர்ந்து படியிறங்கியது.

நிறங்கள் மட்டும் அப்படியே இருந்தன. பழையபடி மாற்றத் தெரிந்த ஒரே ஆளைத்தான் கீழே அனுப்பியாகிவிட்டதே!

அதன் பிறகு பன்னிரண்டு வருஷம், மச்சானின் ஷிப்டில் ஒரு வரிகூடத் தப்பவில்லை. கூர்மையான கவனத்துக்காகக் கேடயம் ஒன்றும் கொடுத்தார்கள். இப்போதும் அவர் வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது.

உச்சக்கட்டத்தை மச்சான் எப்போதும் கடைசிக்கென்று எடுத்து வைத்திருப்பார்.

"அவனுக்கு ஸ்டோர்ல என்ன வேலை தெரியுமா? வயர் அடுக்குற வேலை! சிவப்பைத் தனியா, பச்சையைத் தனியாப் பிரிச்சு அடுக்கணும்!"

கேட்பவர்கள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள்.

போன மாதம் என் வீட்டில் விருந்து. அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் மச்சான் தனியாக வந்தார். ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, பெயின்டரை ஆரம்பித்தார். வயர் வந்தது. வீடே சிரித்தது.

எனக்கு மட்டும் அன்று ஏனோ சிரிப்பு வரவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு மச்சான்? வயரை மாத்தி அடுக்கி மாட்டிக்கிட்டாரா?"

"அதான் மாப்ளே அதிசயம்! ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒரு வயர்கூட மாறலை. எப்படித்தான் சமாளிச்சானோ!"

நான் அவர் நீட்டியிருந்த கால்களைப் பார்த்தேன். உடுப்பு, சாக்ஸ் எல்லாம் வழக்கமாக அக்கா எடுத்து வைப்பதுதான். அன்று அவரே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வலது காலில் சிவப்பு. இடது காலில் பச்சை.

இத்தனை வருஷம் எது இடித்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாரும் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன்.

"மச்சான், இன்னிக்கு என்ன கலர் சாக்ஸ் போட்டிருக்கீங்க?"