வட்ட சோபா ஹால்

1986 ஜனவரி. அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டர் பஜனை மண்டபத்தை டிசைன் செய்த சுந்தரராமனுக்கு ஒரே ஒரு மனக்குறை. ஜனங்கள் உட்கார்ந்து பேசிப் பழகட்டும் என்று பார்த்துப் பார்த்து அவர் அமைத்த வட்ட சோபா ஹாலை ஈ காக்கைகூட எட்டிப் பார்ப்பதில்லை. பஜனை முடிந்ததும் எல்லோரும் வாசலில் கழற்றிவைத்த பனி பூட்ஸை மாட்டிக்கொண்டு காருக்கு ஓடிவிடுவார்கள்.

"ரெண்டு வருஷமா வரா. ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியாது. அடுத்த மாசம் ஹாலை ஸ்டோர் ரூம் ஆக்கப்போறாளாம்" என்று மனைவி விசாலாக்ஷியிடம் புலம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதிசயம் நடந்தது. பஜனை முடிந்து அரை மணி ஆகியும் ஒருவரும் கிளம்பவில்லை. சோபாவில் இடமில்லை.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"அட, என் மாமியாருக்கும் மாயவரம்தான்!"

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மண்டபச் செயலாளர் கஸ்தூரிரங்கன் ஓடிவந்து கையைக் குலுக்கினார். "உங்க டிசைன் ஒர்க் அவுட் ஆயிடுத்து, சார்! ஸ்டோர் ரூம் பேச்சே இனிமே கிடையாது."

சுந்தரராமன் அடக்கமாகச் சிரித்தார்.

விசாலாக்ஷி அவரைத் தனியே இழுத்தாள். "ஏன்னா, பஜனை நடுவுல எழுந்து எங்கே போனேள்?"

"ஏன், என்ன ஆச்சு?"

"அத்தனை பேரும் ஒத்தைக்கால் பூட்ஸை வெச்சுண்டு ஜோடி தேடிண்டிருக்கா. போகட்டும், என்னோட இன்னொண்ணை எங்கே வெச்சேள்?"

"ஞாபகமில்லை. நாலு பேரைப் போய்க் கேளேன். பழக்கமாகும்!"