பெண் கேட்டு வந்தவர்

விரால் மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தபோது மாலிஸைப் பெண் கேட்டு வந்தார்கள்.

முன்னால் தெருப் பெரியவர் சேம். அவருக்குப் பின்னால் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்த தட்டுகளோடு நான்கைந்து பெண்கள். எல்லோருக்கும் கடைசியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பம்ப்செட் ரிப்பேர் செய்யும் தோயுன்.

கம்போடியாவின் பட்டாம்பாங் ஊரில், அந்த ஆற்றங்கரைத் தெரு மொத்தமும் வேலிக்கு மேல் தலையை நீட்டியது.

மாலிஸ் எழுந்திருக்கவில்லை. அறுபது வயது முழங்கால் சட்டென்று எழ விடாது. முழங்கை வரை செதில் வேறு.

சேம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்த வீட்ல ஒரு நல்ல பொண்ணு இருக்கறதா கேள்விப்பட்டோம்."

பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை. பெண்ணின் மகள் ரச்சனாதான் வெளியே வந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளை குடிப்பாரா?"

"எப்பவாச்சும்" என்றார் தோயுன்.

"குறட்டை?"

"அடுத்த ரூம்ல படுக்கறவ நீ. உனக்குத் தெரியாதா?"

"ஐயோ அப்பா!" ரச்சனா வாய்விட்டுச் சிரித்தாள். "கட்டின பொண்டாட்டிய யாராவது பொண்ணு கேட்டு வருவாங்களா?"

தெருவே சிரித்தது. தோயுன் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மீன் கழுவிய தண்ணீர் ஓடும் தரையிலேயே அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லலாம், மாலிஸ். அதுக்குத்தான் கேக்க வந்தேன்."

சேம் தலை குனிந்துகொண்டார். அவர் வயதுக்காரர்கள் யாருமே இப்போது சிரிக்கவில்லை.

மாலிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். கையை நிதானமாகக் கழுவினாள். பிறகு அவரைத் தலையிலிருந்து கால்வரை, புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன். அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் உங்க தங்கச்சி வீட்ல படுத்துக்குங்க. பொண்ணு கேட்டு வந்தவர் பொண்ணு வீட்ல தங்கறது அழகில்ல."

தெரு கைதட்டியது. தோயுன் ஈரக் கால்சட்டையோடு எழுந்து, பந்தயத்தில் ஜெயித்தவரைப் போல நடந்து போனார்.

மகளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பாவம்மா அவரு. சரின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

சொல்லியிருக்கலாம். வார்த்தை வாயில்தான் இருந்தது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், கெமர் ரூஜ் ஆட்சியில், ஒரு வயல் நடுவே, முன்பின் தெரியாத ஆண்களையும் பெண்களையும் கறுப்பு உடையில் எதிரெதிரே நிறுத்திப் பெயர் வாசித்தார்கள். அவள் பெயரை அடுத்துத் தோயுன் என்று ஒரு பெயர் வந்தது. கையைப் பிடி என்றார்கள். பிடித்தாள். மாட்டேன் என்று சொன்ன பக்கத்துக் குடிசைப் பெண்ணை முன்பே எங்கோ அழைத்துப் போயிருந்தார்கள். அவள் திரும்பி வரவில்லை.

அந்த ஆட்சி விழுந்ததும் அப்படிச் சேர்த்துவைக்கப்பட்ட பலர் அவரவர் ஊரைப் பார்த்துப் பிரிந்து போனார்கள். இவர்கள் போகவில்லை. பிரியம் பிறகு வந்தது, மெதுவாக.

"என்னம்மா சொல்லப் போறே?" ரச்சனா விடுவதாக இல்லை.

மாலிஸ் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த மீனை எடுத்தாள்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வாரம் முழுசாக இருந்தது.