முதல் சொல்

அசனப் பண்டிகைச் சாப்பாடு முடிந்ததும், சர்ச் மண்டபத்து டிவியில் வாலிபர் சங்கத்தார் கித்தார் விளையாட்டை ஓடவிட்டார்கள். அதற்கான பிளாஸ்டிக் கித்தாரில் கம்பிகள் கிடையாது, ஐந்து வண்ணப் பொத்தான்கள்தான். திரையில் இறங்கிவரும் நிறத்துக்குரிய பொத்தானைச் சரியான நொடியில் அழுத்தினால் ஞானப்பாட்டு அறுபடாமல் ஒலிக்கும். பதினாறு வருடமாக ஆராதனையில் கித்தார் வாசிக்கும் ஏபனேசரே பாதியில் தடுமாறி விலகிவிட்டார். சங்கத்துப் பெண்ணொருத்தி கித்தாரை அவர் மனைவி நவமணியிடம் நீட்டினாள்.

“அவளுக்கு எதுக்கு பிள்ள? காதே கேக்காதுல்லா” என்றார் ஏபனேசர்.

நவமணி அதற்குள் வாங்கி மாட்டிக்கொண்டாள். தையல் மிஷினில் பழகிய அவள் கண்ணும் கையும் ஒரு நிறத்தைக்கூடத் தவறவிடவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள்.

முடிந்ததும் அவள் கணவரிடம் திரும்பி, இது என்ன பாட்டு என்று கையால் கேட்டாள்.

ஞாயிறுதோறும் அவர் வாசிக்கிற பாட்டு அது. முன் பெஞ்சில் உட்கார்ந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சோறு, மழை, காய்ச்சல், கோபம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் சைகை உண்டு. பாட்டின் முதல் சொல் கிருபை. ஏபனேசர் நெஞ்சில் கைவைத்தார். மேலே காட்டினார். இரண்டும் இல்லை என்று தலையசைத்தார். நவமணி காத்து நின்றாள்.

“அடுத்து யாரு?” என்று யாரோ கித்தாருக்குக் கை நீட்டினார்கள்.

“கொஞ்சம் பொறுங்க” என்றார் ஏபனேசர், கையை இறக்காமலே.